துலூஸ் – பெசியே கிரேவல் சவாரி: கால்வாய்க் கரையோடு போவதா, மலையேறிப் போவதா?

செந்தூல் சக்கரம் (கோலாலம்பூர்):

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் இரண்டு பேராகத் தென் பிரான்சுக்குப் போகிறோம். சைக்கிளுக்கு 7 நாள் இருக்கிறது. துலூஸில் தொடங்கி மிடி கால்வாய்க் கரையோடு பெசியே வரை போவதுதான் இப்போதைய திட்டம். ஆனால் எங்களுக்கு வேண்டியது மண்ணும் சரளையுமான பாதை, பழைய ஊர்கள். கால்வாயை முழுக்கப் பிடித்துப் போவது நல்லதா, பாதியில் விலகிவிடலாமா?

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சைக்கிள்: அலுமினிய கிரேவல் ஃப்ரேம், 11 வேக ஷிமானோ 105 கியர், முன்னால் 50/34 பல், பின்னால் 11–34 பல், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 40 மி.மீ. டயர், உள்ளே டியூப். உடம்பு 78 கிலோ, மூட்டை 10 கிலோ. புக்கிட் செராக்கா பக்கமும் செம்பனைத் தோட்டங்களிலும் 70–80 கி.மீ. ஓட்டிய பழக்கம் உண்டு. தொடர்ந்து மலையேறிப் பழக்கம் குறைவு. இந்த கியர் போதுமா? டயர் மாற்ற வேண்டுமா? சைக்கிளைப் பெட்டியில் கட்டும்போது எதில் கவனம் வேண்டும்? ஒருவர் சைவம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலிக் புலாவ் வரப்பு (பினாங்கு):

விலகுங்கள். கால்வாயைத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் வடக்கே மலைக்கு ஏறிவிடுங்கள். காரணம் பாதையிலேயே இருக்கிறது. துலூஸிலிருந்து ஏறத்தாழ முதல் 50 கி.மீ. வழவழவென்று தார். அதற்குப் பிறகுதான் சரளை. கார்க்கசோன் தாண்டினால் பல இடங்களில் ஒற்றையடிப் பாதைதான், அதுவும் பிளேன் மரத்து வேர்கள் முட்டி நிற்கும். சில துண்டுகளைச் செப்பனிட்டிருக்கிறார்கள், மீதியில் மணிக்கு 12 கி.மீ. போனாலே அதிகம். நிழலை நம்பியும் போக முடியாது. 2006இல் கண்டுபிடித்த பூஞ்சை நோயால் கரையோர மரங்களில் பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது.

துலூஸிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை கிளம்புங்கள். கிழமை ஏன் முக்கியம் என்பது கீழே தெரியும். முதல் நாள் 50 கி.மீ. சொச்சம் ஓட்டி நோரூஸ் மேட்டை ஒட்டித் தங்குங்கள். கால்வாயிலேயே உயரமான இடம் இது, 189 மீட்டர். இங்கிருந்து தண்ணீர் ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் மத்தியதரைக் கடலுக்கும் இறங்குகிறது. இந்த மேட்டுக்குத் தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் கால்வாயைக் கட்டிய பியர்-போல் ரிக்கே தீர்த்த கணக்கு. மலை ஓடைகளை மடக்கி, வாய்க்கால் வெட்டி இங்கே சேர்த்தார். 1666இல் அனுமதி கிடைத்தது, 1681இல் கால்வாய் திறந்தது. அதற்கு முந்தின வருடமே அவர் இறந்துபோனார்.

உங்களுக்கு வேண்டிய பாதை அந்த வாய்க்கால் கரைதான். அடிவாரத்து வாய்க்காலுக்கு ரிகோல் த லா ப்ளேன் என்று பெயர். நோரூஸிலிருந்து ரெவெல், சொரேஸ் பக்கம் வரை 38 கி.மீ. அளவுக்கு மண்ணும் பொடிச் சரளையுமாகப் போகும். ஏற்றம் இருப்பதே தெரியாது. வளைவுக்கு வளைவு மரநிழல், ஆள் நடமாட்டம் குறைவு. நம்ம சுங்கை பூரோங் வரப்பில் ஓட்டுகிற மாதிரி கால் ஒரே சீராகச் சுற்றும். மழை பெய்தால் மட்டும் இந்தச் சமவெளிக் களிமண் பொல்லாதது. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். மழை விட்டு ஒரு நாள் ஆகாவிட்டால் பக்கத்து கிராமச் சாலையில் போய்விடுங்கள்.

சனிக்கிழமை பகல் 12க்குள் ரெவெலுக்கு வந்து சேரவேண்டும், அன்றுதான் அங்கே சந்தை. 1342இல் கட்டம் போட்டுக் கட்டிய ஊர். நடுச் சதுக்கத்தில் மரத்தூண்கள் தாங்கும் பெரிய சந்தைக் கொட்டகை, சுற்றிலும் தாழ்வாரம். வரும் வழியெல்லாம் பார்க்கும் பெரிய செங்கல் வீடுகளுக்கு ஒரு கதை உண்டு. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இந்த வட்டாரம் பாஸ்தெல் என்ற நீலச்சாயச் செடியில் கொழித்தது. கப்பலில் வந்த அவுரி நீலம் அந்த வியாபாரத்தைச் சாய்த்துவிட்டது. நம் பக்கத்து அவுரிதான், நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஞாயிறு அன்று சேன் ஃபெரியோல் ஏரி வழியாக லெ காம்மாஸுக்கு ஏறி, அங்கே மலை வாய்க்காலைப் பிடியுங்கள். காட்டுக்குள் 24 கி.மீ., மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றிப் போகும். இந்தப் பயணத்திலேயே அழகான துண்டு இதுதான். வாய்க்கால் தொடங்கும் அல்சோ தடுப்பணையிலிருந்து மசாமேக்கு இறங்கலாம். திங்கள், மசாமேயிலிருந்து பழைய ரயில் தடத்தில் ஒலார்க். பாஸாபயிஸ் என்று பெயர், தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் பொடிச் சரளை போட்டது. ரயில் ஏறிய பாதையாதலால் சரிவு மிதமானது. லபாஸ்தித்-ருவேரூ தாண்டி ஒரு சுரங்கம் வரும். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், உள்ளே குளிரும், விளக்கைக் கையோடு வைத்திருங்கள். ஒலார்க் ஆற்று வளைவில் பாறைமேல் நிற்கிற ஊர். கீழே 12ஆம் நூற்றாண்டுக் கூனல் பாலம், மேலே தனித்து நிற்கும் மணிக்கூண்டு. சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டுப் படியேறுங்கள்.

செவ்வாய், ஏறத்தாழ 20 கி.மீ. வந்த வழியே சேன் போனுக்குத் திரும்பி, தெற்கே மலையைத் தாண்டி மினெர்வுக்கு இறங்குங்கள். இறக்கத்தில் காடு விட்டுப்போய் வெளுத்த சுண்ணாம்புப் பாறையும் திராட்சைத் தோட்டமும் வரும். இரண்டு பள்ளத்தாக்குக்கு நடுவே தொங்குகிற மாதிரி ஊர். 1210இல் சிலுவைப் படைத் தலைவன் சிமோன் த மோன்ஃபோர் இதை ஏழு வாரம் போல முற்றுகையிட்டான். கவண் பொறியால் ஊரின் ஒரே கிணற்றுக்குப் போகும் வழியை அடித்து நொறுக்கிய பிறகுதான் ஊர் பணிந்தது. மதம் மாற மறுத்த 140 பேரை எரித்தார்கள். திருச்சபை ஏற்காத கத்தார் (Cathar) என்ற கிறித்தவப் பிரிவினர் அவர்கள். இன்றும் அந்த மேட்டில் தண்ணீர் சுலபமில்லை. சேன் போனிலேயே ஆளுக்கு 2 லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

புதன் லெ சொமாய், வியாழன் கால்வாயோடு பெசியே. இந்தக் கடைசித் துண்டில் 54 கி.மீ. நீளத்துக்குப் படகை ஏற்றி இறக்கும் மடை ஒன்றுகூட இல்லை, மலைவளைவை ஒட்டியே தண்ணீர் போகிறது. மால்பாஸ் குகைவழியையும், 21.5 மீட்டர் உயரத்தைப் படிபடியாக இறங்கும் ஃபோன்செரான் மடைகளையும் நின்று பாருங்கள். கார்க்கசோனை விட மனமில்லை என்றால் பெசியேயிலிருந்து துலூஸ் திரும்பும் ரயிலில் இடையில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் ஸ்பேனர் (செபராங் பிறை):

அண்ணன் சொன்ன வழிதான் சரி. அதனாலேயே 34/34 (முன்னால 34 பல், பின்னால 34 பல்) வேண்டாம் தம்பி.

கணக்கைப் பாருங்க. ஆள், சைக்கிள், மூட்டை, தண்ணி எல்லாம் சேர்த்து 100 கிலோ. 10 விழுக்காடு ஏற்றம், சரளை. 34/34ல நிமிஷத்துக்கு 60 சுற்று மிதிச்சா வேகம் மணிக்கு 8 கி.மீ., அதுக்கு 245 வாட் பக்கம் தேவை. 30/34ல அதே 60 சுற்றுக்கு 7 கி.மீ., 215 வாட் போதும். 30 வாட்தானேன்னு தோணும். 12 விழுக்காட்டுக் காட்டுப் பாதையில பின் சக்கரம் வழுக்காம உட்கார்ந்தபடியே மிதிக்கணும்னா அந்த 30 வாட்தான் உங்களைச் சைக்கிள் மேல வச்சிருக்கும்.

46/30 பல் கிராங்க் போடுங்க. ஜிஆர்எக்ஸ் (ஷிமானோவோட கிரேவல் வகை) கிராங்க் உங்க 105ல இருக்கிற அதே 24 மி.மீ. அச்சுதான், பாட்டம் பிராக்கெட் மாத்தத் தேவையில்ல. ஆனா அதோட செயின்லைன், அதாவது செயின் ஓடுற கோடு, 2.5 மி.மீ. வெளியே தள்ளி இருக்கும். 105 முன் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுற கருவி) அவ்வளவு தூரம் ஒழுங்கா எட்டாது. அதனால முன் டிரெய்லியரும் ஜிஆர்எக்ஸ்தான் வாங்கணும், அதைச் சின்னப் பல்லுக்கு ஏத்த மாதிரி கீழே இறக்கி மாட்டணும். செயின்ல ஒரு ஜோடி கண்ணி குறையும். கிளம்ப ஒரு மாசம் முன்னாடியே மாத்திட்டு, மூட்டையோட கெந்திங் பெரஸ் ரெண்டு தடவை ஏறிப் பாருங்க. கேபிள் இழுபடுறது அப்பத்தான் தெரியும்.

டயர். நம்ம ஊர்ல எதிரி சேறும் செம்பனை மட்டை முள்ளும். முள் நேரா நடுவுல குத்தும், டயருக்குள்ள ஊத்துற சீலண்ட் திரவம் அடைச்சிடும். மினெர்வ் பக்கம் சுண்ணாம்புக் கல் அப்படியில்ல, கத்தி மாதிரி விளிம்பு, டயரோட பக்கவாட்டைக் கிழிக்கும். அதைச் சீலண்ட் அடைக்காது. அதனால 40 மி.மீ. போதும், ஆனா பக்கவாட்டு கனமான வகையா இருக்கணும். ஃப்ரேம் இடம் கொடுத்தா 45. ரிம் ஒத்துக்கும்னா கண்டிப்பா டியூப்லெஸ் பண்ணுங்க. டியூப் போட்டு காத்தைக் குறைச்சா கால்வாய் வேர்ல இடிச்சு ரெண்டு ஓட்டையா கடிச்சிடும், காத்தைக் கூட்டினா சரளையில கை மரத்துப் போயிடும். டியூப்லெஸ்ல உங்க எடைக்கு முன்னால 34, பின்னால 38 பி.எஸ்.ஐ.ல ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டா இறக்கிப் பாருங்க. சீலண்ட் ஒரு டயருக்கு 60–80 மில்லி. நம்ம வெக்கையில ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு ரப்பர் பட்டையா ஒட்டிக்கும். பழசை உரிச்சு எடுத்துட்டு கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி புதுசு ஊத்துங்க. ஆளுக்கு ரெண்டு டியூப், திரி செருகும் பிளக், கிழிசலுக்கு உள்ளே வைக்கப் பழைய டயர்ல வெட்டின ஒரு துண்டு. இந்தத் துண்டை யாரும் எடுத்துட்டுப் போறதில்ல, ஆனா பக்கவாட்டு கிழிஞ்சா அதுதான் ஊர் கொண்டு சேர்க்கும்.

இப்ப பெட்டி. முதல்ல ஹேங்கர், பின் டிரெய்லியர் தொங்குற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிள் வலது பக்கம் விழுந்தா வளையிறதுக்குன்னே செஞ்சது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒவ்வொரு வடிவம், பிரான்சு கிராமத்துல கேட்டா கிடைக்காது. உங்க மாடலுக்கு உரியது ரெண்டு வாங்கி, ஒரு தடவை மாட்டிப் பார்த்துட்டு எடுத்துட்டுப் போங்க. கட்டும்போது 5 மி.மீ. சாவியால டிரெய்லியரைக் கழட்டி, கேபிளோடயே துணியில சுத்தி, பின் முக்கோணத்துக்கு உள்ளே கட்டிடுங்க.

சக்கரத்தைக் கழட்டின உடனே பிரேக் பேடுக்கு நடுவுல பிளாஸ்டிக் தகடு செருகணும். பெட்டிக்குள்ள ஏதாவது லீவரை அழுத்தினா பிஸ்டன் வெளியே வந்து பேடு ரெண்டும் ஒட்டிக்கும், அங்க போய் டிஸ்க் நுழையாது. அப்படி ஆனா பழைய பேடு இருக்கும்போதே பேடுக்கு நடுவுல அகலமான டயர் லீவரை விட்டு மெதுவா நெம்பித் தள்ளுங்க. ஸ்க்ரூடிரைவர் வேணாம், பேடு உடையும். ஃபோர்க் நுனிக்கும் பின் முனைக்கும் நடுவுல முட்டுக் குச்சி வச்சு ஆக்ஸிலைத் திருகி விடுங்க. இடது பெடல் மரை எதிர்ப்பக்கம், மறந்து முறுக்கினா கிராங்க் மரை போயிடும். டயர்ல காத்தை முழுக்க விடாதீங்க, 15 பி.எஸ்.ஐ. விட்டு வைங்க. இல்லன்னா டியூப்லெஸ் விளிம்பு ரிம்மை விட்டுக் கழண்டு, பெட்டிக்குள்ள சீலண்ட் ஒழுகும். சீட் கம்பத்துல டேப் ஒட்டி உயரத்தைக் குறிச்சுக்குங்க. ஸ்டெம் போல்ட் 5 நியூட்டன் மீட்டர், ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி முறுக்குங்க.

டயர்ல நம்ம செம்மண் ஒட்டியிருக்கக் கூடாது. வெளிநாட்டு மண்ணை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள கொண்டு போகத் தடை இருக்கு. பிரஷ் போட்டுக் கழுவிக் காய வச்சுக் கட்டுங்க. பவர்பேங்க், கழட்டி வச்ச பேட்டரி எல்லாம் கையில் எடுக்கும் பையில. காற்றுக் குப்பிக்குப் பதிலா கைப்பம்பே போதும், விமான நிலையத்துல பேச்சே இருக்காது.

செந்தூல் சக்கரம்:

ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். கிராங்க் மாற்றிவிடுகிறோம். பெட்டியை எங்கே வைப்பது? பாரிஸ் போய் ரயிலில் துலூஸ் போகலாம் என்று நினைத்தோம். சாப்பாடு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மிதியடி (கோலாலம்பூர்):

தம்பி, பாரிஸ் வழி வேண்டாம்பா. அதிவேக ரயிலில் கழற்றிய சைக்கிள் பைக்கு 130 × 90 செ.மீ. அளவு. அட்டைப்பெட்டி அதற்குள் அடங்காது. இடையில் ஒரு தடவை விமானம் மாறினாலும் துலூஸுக்கே டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரவும் கடைசி இரவும் ஒரே விடுதியில் எடுத்தால் பெட்டியை அங்கேயே விட்டு வைக்கலாம், பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். பெசியேயிலிருந்து திரும்ப வட்டார ரயிலில் சைக்கிளைக் கழற்றாமலே ஏற்றலாம். ஆனால் கொக்கி சில சைக்கிளுக்குத்தான் இருக்கும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் நிரம்பி வழியும், காலை ரயிலே பிடியுங்கள். மூட்டைகளை முன்பே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், படி உயரம்.

சாப்பாட்டில் நேரம்தான் முதல் சிக்கல். இங்கே போல இரவு பத்து மணிக்கும் ரொட்டி சானாய் என்ற பேச்சே கிடையாது. கிராமத்து உணவகத்தில் பகல் 12 முதல் 1.30 வரைதான் சமையலறை. மளிகைக் கடை மதியம் மூடினால் மூன்று, மூன்றரைக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை, திங்களன்று பல ரொட்டிக் கடைகளுக்கு விடுமுறை. அதனால்தான் மேலே அண்ணன் சனிக்கிழமைச் சந்தையை வைத்துத் திட்டம் போட்டார். ரெவெலிலேயே ஞாயிறு முழுவதுக்கும் திங்கள் காலைப் பசியாறலுக்கும் வாங்கிவிடுங்கள்: ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், வால்நட்.

சைவம் என்று சொன்னால் மீன் கொண்டுவருவார்கள். 'சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்' என்று மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், பன்றித் துண்டு இல்லாமல். மூன்றாவதுதான் முக்கியம். பச்சைக் கீரை சாலட்டிலும் கீஷ் என்கிற சுட்ட முட்டைப் பண்டத்திலும்கூட அந்தப் பொடித் துண்டுகளைத் தூவி விடுவார்கள், கேட்டால் அதை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அந்த வட்டாரத்துப் பேர்போன கசூலே பார்க்க மொச்சைக் குழம்பு மாதிரி இருக்கும், உள்ளே வாத்தும் பன்றியும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர் என்றால் 'சான் பெஃப்' என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும். சமையலறை உள்ள ஜீத் வகை விடுதிகளாக இரண்டு இரவாவது எடுங்கள். அரிசியும் பருப்பும் கிராமக் கடையிலேயே கிடைக்கும், 100 கிராம் ரசப்பொடி போதும். வீட்டிலிருந்து கோழி செருண்டிங், நெய்ப் பலகாரம் எதுவும் கட்டாதீர்கள். இறைச்சியும் பால் பொருளும் சுங்கத்தில் பறிபோகும்.

தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், வாசலை ஒட்டிக் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

பாலிக் புலாவ் வரப்பு:

அக்கா ஞாயிறு என்றதும் விட்டுப்போனது ஒன்று நினைவுக்கு வந்தது. செப்டம்பரில் வேட்டைக் காலம் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் காட்டுப்பன்றி வேட்டைக்கு ஆள் கூடும் நாள், நீங்கள் மலை வாய்க்காலில் இருக்கப்போவதும் அன்றுதான். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை பாதையோரம் நின்றால் உள்ளே வேட்டை நடக்கிறது என்று பொருள். ஒளிரும் ஆரஞ்சு மேலங்கி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலகை இருக்கும் காட்டுப் பாதைக்குள் போகாமல் சாலையில் சுற்றிப் போங்கள். ஊருக்கு வெளியே இருட்டிலும் மூடுபனியிலும் ஒளிரும் அங்கி போடுவது அங்கே சட்டமும்கூட. அந்த வாரம் காலை 7.45 வாக்கில்தான் சூரியன் உதிக்கும்.

காட்டில் அட்டை இல்லை, உண்ணி உண்டு. கடிப்பது தெரியாது, நோய் பரப்பும். மாலையில் முழங்கால் மடிப்பையும் இடுப்புப் பட்டையையும் பாருங்கள். மருந்துக் கடையில் உண்ணி எடுக்கும் கொக்கி கிடைக்கும். நசுக்காமல் அதால் திருகி எடுக்க வேண்டும்.

மசாமேயிலிருந்து பிக் த நோர் ஏறலாமா என்று கேட்பீர்கள். உச்சி 1211 மீட்டர், ஊரிலிருந்து ஏறத்தாழ 970 மீட்டர் ஏற்றம், நம் கொடிமலையைவிட அதிகம். மூட்டையை விடுதியில் விட்டுவிட்டு, காற்று இல்லாத நாளில் மட்டும். தென்கிழக்கிலிருந்து ஓத்தான் காற்று அடிக்கிற நாளில் மேலே சைக்கிளை நேராகப் பிடிக்க முடியாது. அந்தக் காற்று துலூஸிலிருந்து நோரூஸ் வரும் முதல் நாளிலும் முகத்தில் அடிக்கும், அன்று 50 கி.மீ.க்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி இரண்டு நாள் வடமேற்கிலிருந்து வரும் செர்ஸ் காற்று, அது முதுகில் தள்ளும்.

மழையைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மழை ஒரே இரவில் ஆற்றை ஏற்றிவிடும். 2018 அக்டோபரில் கால்வாயோரத்து ட்ரேப் ஊர் அப்படித்தான் மூழ்கியது. தினமும் மாலை பிரான்சு வானிலைத் துறையின் வண்ண எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் ஒலார்க், மினெர்வ் பள்ளத்தாக்குகளில் இறங்காமல் அன்றைக்கு ஊரிலேயே இருந்துவிடுங்கள். ஏழு நாளில் ஒரு நாளை அதற்காகக் கையிருப்பாக வைக்க வேண்டும் என்றால், லெ சொமாயில் தங்குவதை விட்டுவிட்டு மினெர்விலிருந்து நேராகக் காப்பெஸ்தான் வரை ஒரே நாளில் ஓட்டலாம். வழியில் பெரிய ஏற்றம் கிடையாது.

பட்டர்வொர்த் ஸ்பேனர்:

இன்னும் ஒண்ணு. அங்க வலது பக்கம் ஓட்டணும். ஆள் இல்லாத கிராமச் சாலையிலதான் மறந்துபோகும், தண்ணி பிடிக்க நின்னுட்டுத் திரும்ப ஏறும்போது கால் தானா இடப்பக்கம் போகும். ஹேண்டல்பார் நடுவுல வலப்பக்கம் காட்டுற ஒரு அம்புக்குறியை டேப்பால ஒட்டிக்குங்க. குறுக்குச் சாலையில பலகை ஒண்ணும் இல்லன்னா வலது பக்கமிருந்து வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, சின்னச் சந்துல இருந்து வந்தாலும் சரி. ஒருவேளை ஒரு சைக்கிள் பழுதாகி அங்க வாடகைக்கு எடுத்தா, முதல்ல நின்ன இடத்துல ரெண்டு பிரேக்கையும் தனித்தனியா பிடிச்சுப் பாருங்க. அங்க முன் பிரேக் இடது கையில இருக்கும்.